என் முதுகுக்கு நானே எழுதிய சான்றிதழ்

முதுகுவலிக்காரர்களுக்கு ஒருவரையொருவர் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாப்பில் மற்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்க, ஒருவர் மட்டும் தூணில் முதுகை ஒட்டவைத்து நிமிர்ந்து நிற்பார். நாற்காலியைக் காட்டினால் உடனே உட்காரமாட்டார். முதலில் அதன் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஆபீஸில் என்னைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. எந்தக் கடை பெல்ட் நல்லது, மெத்தைக்கு அடியில் எத்தனை கனப் பலகை போடலாம், டிராக்‌ஷன் வைத்தால் வலிக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். நானும் பெரிய அனுபவஸ்தன் தோரணையில் பதில் சொல்லி அனுப்புவேன். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதில் என் மனைவி கோமதியின் உடம்பைப் பற்றியும் வருகிறது. பெண்கள் வெளியே சொல்லாத சங்கதி. எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

"எழுதுங்க. எவளாவது வாசிச்சிட்டு டாக்டர்ட்ட போனாச் சரி. ஆனா உங்க பங்கை விட்டுராதிய" என்றாள்.

விடவில்லை. எழுதி முடித்ததும் முதலில் அவள்தான் வாசித்தாள், ஒரு வரியையும் அடிக்கவில்லை.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். டெல்லியில் ஒரு அமைச்சகத்தில் நான் அசிஸ்டெண்ட். சரோஜினி நகரில் மேல்மாடி குவார்ட்டர்ஸ். கோமதி, நான், எங்கள் மகள் உமா, மூன்றே பேர். வெயில் காலம் வந்தால் மேல்மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாது. வெறும் காற்றுதான் சீறும். கீழே புல்தரை ஓரத்தில் ஒரு பொதுக் குழாய் உண்டு. அதிலிருந்து காலையில் ஐந்து வாளி தண்ணீர் பிடித்து இருபத்தெட்டுப் படி ஏற்றிக் கொண்டுவருவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பனியனோடு இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு ஏறுவேன்.

ஒரு டிசம்பர் மாதம், குளிருக்குப் போர்த்தும் ரஜாய் எடுக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தேன். குனிந்தபடியே, உடம்பைத் திருப்பி, ஒரு கையால். இடுப்பில் ஏதோ நழுவின மாதிரி இருந்தது. அப்புறம் நிமிர முடியவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குள் எதையோ தேடுகிறவனைப் போல அரைமணி நேரம் அப்படியே நின்றேன். கோமதியும் உமாவும் சேர்ந்து என்னைத் தரையில் சாய்த்தார்கள். வலி பிட்டத்தில் இறங்கி, தொடை வழியாக இடது கணுக்கால்வரை போனது. தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பியது.

டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். எலும்புப் பிரிவில் சீட்டு வாங்க, மூடுபனியில் வரிசையில் நின்றோம். உள்ளே காத்திருக்கும் கூடத்தில் முழுக்க சாய்மானம் இல்லாத பெஞ்சுகள். முதுகு சரியில்லாதவர்களுக்கென்றே இருக்கும் கூடத்தில் முதுகைச் சாய்க்க இடம் இல்லை. பாதிப்பேர் சுவரோரமாக நின்றோம், சிலர் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் விளக்கினார். முதுகெலும்பு என்பது சின்னச் சின்ன எலும்புகளின் அடுக்கு. இரண்டு எலும்புக்கு நடுவில் குழாய் வாஷர் மாதிரி ஒரு மெத்தை இருக்கிறது, அதுதான் டிஸ்க். வயதாக ஆக அது தேயும். எலும்பின் ஓரங்கள் கொஞ்சம் முளைவிடும். இதற்கு லம்பார் ஸ்பாண்டிலோசிஸ் என்று பெயர். எனக்கு அந்த மெத்தை சற்றுப் பிதுங்கிப் பக்கத்து நரம்பை உரசுகிறது, அதனால்தான் காலில் வலி. "நாற்பது தாண்டின பலருக்கும் படம் எடுத்தால் இப்படித்தான் இருக்கும். சரியாகிவிடும்" என்றார். பயங்கரமான பெயரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்; பின்னால் சொன்னது காதில் ஏறவில்லை.

பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தேன். இடுப்பைச் சுற்றி ஒரு வார், அதிலிருந்து கயிறு, கயிறு கட்டிலின் கால்மாட்டில் உள்ள உருளை வழியாகத் தொங்கி, நுனியில் இரும்பு எடைகள். இதுதான் டிராக்‌ஷன். எலும்புகளை மெல்ல இழுத்து நரம்புக்கு இடம் கொடுப்பதாகச் சொன்னார்கள். எனக்கு என்னவோ, எழுந்து ஓடிவிடாமல் கட்டிப்போடுவதுதான் அதன் நோக்கம் என்று தோன்றியது. மல்லாந்து கிடப்பவனுக்கு உலகமே கூரைதான். உமா தன் சின்னக் கண்ணாடியை ஒரு அடிஸ்கேலின் நுனியில் கட்டிக் கொண்டுவந்தாள். அதைப் பிடித்துக்கொண்டால் வார்டின் வாசல் தெரியும். தினமும் பதினொரு மணிக்கு அந்தக் கண்ணாடிக்குள் கோமதி டிபன் கேரியரோடு வருவாள். இரண்டு பஸ் மாறி வருவாள். ரசம் சாதத்தைக் குழைத்து வாயில் ஊட்டிவிட்டு, கால் விரல் ஒவ்வொன்றையும் தொட்டு, "இது தெரியுதா? இது?" என்று கேட்பாள். தெரிகிறது என்றால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

பதின்மூன்றாம் நாள் நடந்தே வெளியே வந்தேன். ஆறு வாரம் பெல்ட் போடு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வேலையும் செய், நட என்று சொல்லி அனுப்பினார்கள். இங்கே முடிந்திருக்க வேண்டிய கதை.

மார்ச் கடைசியில், குழாயில் காற்று சீற ஆரம்பித்த சமயம், எங்கள் செக்‌ஷனில் இருந்த மல்ஹோத்ரா ஒரு யோசனை சொன்னார். நோயாளி என்று மருத்துவச் சான்று வைத்து எழுதினால் கீழ்த்தளக் குவார்ட்டர்ஸ் மாற்றிக் கொடுப்பார்கள். கீழ்வீட்டில் குழாயில் தண்ணீர் வரும், படி ஏற வேண்டாம், முன்னால் துண்டு நிலம், கறிவேப்பிலை வைக்கலாம். "உங்களுக்கு நிஜமாகவே முதுகு போயிருக்கிறது சுப்பையா ஜி. இதை வீணாக்காதீர்கள்" என்றார்.

சர்க்கார் ஆபீஸில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் உலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் எழுதமாட்டார், எழுதுகிறவர் கையெழுத்துப் போடமாட்டார். கீழே இருப்பவன் டிராஃப்ட் போட்டு மேலே வைப்பான். மேலே இருப்பவர் பார்த்து ஒரு கீறல் கீறுவார். பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தேன். என் டிராஃப்டுகளை யாரும் திருத்தமாட்டார்கள் என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது. டாக்டரிடம் சான்று கேட்கப் போகும்போதும் நான் வெறுங்கையோடு போகவில்லை. ஆபீஸ் டைப்ரைட்டரில் அழகாக டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தேன்.

அதில் நோயின் பெயர், வார்டில் இருந்த நாட்கள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரிதான் என் சொந்தச் சரக்கு. குனிவதாலோ, படியேறுவதாலோ, கனம் தூக்குவதாலோ இவருக்குக் கீழ் உடம்பு செயலிழந்து போகும் அபாயம் உள்ளது, இந்நிலை நிரந்தரமானது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். கேஸ் வலுவாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. விரல் அந்த இடத்துக்கு வந்தபோது தயங்கவே இல்லை. இன்னும் சொன்னால், 'நிரந்தரமானது' என்ற சொல் விழுந்ததும் வரி நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டிஸ்பென்சரி டாக்டர் வயதானவர், நல்லவர். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். கடைசி வரியில் அவர் கண் நின்றது.

"இவ்வளவு தேவையா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஆபீஸ் விஷயம் உங்களுக்குத் தெரியாததா டாக்டர் சாப்? லேசாக எழுதினால் ஃபைலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சான்றை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது உமா அதைக் கையில் வைத்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. டெல்லியிலேயே பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. கோமதிக்கு இங்கிலீஷ் தெரியாது. டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டிருக்கிறாள்.

"அப்பா குனியக்கூடாது, மேல ஏறக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது, அப்படித் தூக்கினா பேரலிஸிஸ் ஆயிடும்னு போட்டிருக்கும்மா."

"அப்படின்னா?"

உமாவுக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. "மத்லப், லக்வா" என்றாள்.

லக்வா என்ற ஹிந்திச் சொல் கோமதிக்குத் தெரியும். அடுத்த பிளாக்கில் குப்தா என்பவர் பக்கவாதம் வந்து ஆறு வருடமாகப் படுக்கையில் கிடந்தார். அவர் மனைவி வாசலில் துணி காயப்போடும்போது லக்வா லக்வா என்று சொல்லி அழுவாள். கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் போதும். அது சும்மா, வீட்டுக்காக நானே எழுதினது என்று ஒரு வாக்கியம். எனக்கு வெட்கமாக இருந்தது. குழந்தைக்கு முன்னால் பொய்ச்சான்று எழுதினவன் ஆகிவிடுவோமே என்று தோன்றியது. அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை விழித்தபோது ஐந்து வாளியும் நிரம்பியிருந்தன.

"நாளைக்கு நான் எடுக்கேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

"நீங்க தொடாதிய. கீழ்வீடு கிடைக்கிற வரைக்கும்தான? நான் பாத்துக்கிடுதேன்."

ஏப்ரலில் பெல்ட்டை எடுத்துவிட்டேன். வலி பாதிக்குமேல் குறைந்திருந்தது. அரை வாளியாவது என்னால் தூக்க முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மனு நிலுவையில் இருந்தது. "வாளியோடு யார் கண்ணிலும் படாதீர்கள். வேண்டாதவன் எவனாவது ஒரு கடுதாசி போட்டால் போதும்" என்று மல்ஹோத்ரா எச்சரித்திருந்தார். எதிர்வீட்டுக்காரரும் கீழ்த்தளத்துக்கு எழுதிப்போட்டிருந்தார். அதனால் பெல்ட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் சுமக்கிற வேலையே யாருக்கும் இருக்கக்கூடாது என்று கேட்ட வீடு அது. அந்த வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக அவளைச் சுமக்கவிட்டுவிட்டு, நான் ஜன்னலோரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் முடிந்தது, மழை முடிந்தது, மனு நகரவில்லை. உங்களுக்கு முன்னால் பலர் இருக்கிறார்கள் என்று ஒரு பதில் மட்டும் வந்தது.

இரண்டாவது வெயிலில் ஒருநாள் கோமதி கோயிலுக்குப் போயிருந்தபோது, படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கீழே போய் அரை வாளி பிடித்தேன். தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. சாதாரணச் சுருக்குதான். ஆனால் அதோடு என் வரியும் சேர்ந்து வந்தது, நான் டைப் அடித்த அதே இங்கிலீஷில். கால் மரத்துப்போன மாதிரி தோன்றியது. வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே வந்து படுத்தேன். ஒரு வருடமாக வீட்டில் இரண்டு பேர் நம்பிவந்த ஒன்றை அன்றைக்கு நானும் நம்ப ஆரம்பித்தேன்.

நாள்பட்ட முதுகுவலி எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன். வலி முதுகில் இருக்கும், பயம் உடம்பு முழுக்க இருக்கும். கீழே விழுந்த பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பேன், யோசித்துவிட்டு வேறு பேனா எடுப்பேன். ஓடும் பஸ்ஸில் ஏறுகிற டெல்லியில் நான் நின்ற பஸ்ஸையும் விட்டுவிடுவேன். ஷூ லேசைக் கோமதி கட்டிவிடுவாள். தாழ்ந்த நாற்காலி இருக்கும் வீடுகளுக்குப் போவதை விட்டோம். அப்புறம் எந்த வீட்டுக்குமே போகவில்லை. அசைய அசையத் தசை உரம் பெறும். நான் அசையாமல் இருந்து இருந்து அதைத் துவளவிட்டேன். துவண்ட தசை இன்னும் வலித்தது. வலித்ததால் இன்னும் அசையவில்லை. வலி பொய் இல்லை என்பதை மட்டும் யாரும் மறந்துவிட வேண்டாம். உண்மையான வலியை வைத்துக்கொண்டுதான் நான் பொய் எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் தசைப் பயிற்சி கொடுக்கும் மிஸஸ் சூட் என்ற அம்மாளிடம் சிலநாள் போனேன். என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே எதுவும் அறுந்துபோகாது. உங்களுக்குப் பயம்தான் அதிகம். நாளையிலிருந்து குனிந்து பழகுங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பையிலிருந்து சான்றின் நகலை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"இதை டாக்டர் எழுதவில்லை. எந்த டாக்டரும் இவ்வளவு நல்ல இங்கிலீஷ் எழுதமாட்டார்" என்றார்.

நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கோமதியின் நடை மாறியிருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அடுப்படியில் நின்று சமைத்தவள் முக்காலி போட்டு உட்கார்ந்து சமைத்தாள். படியேறி வந்ததும் வாளியை வைத்துவிட்டு, நிலைப்படியில் கைவைத்து, கண்ணை மூடிச் சற்று நிற்பாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். கேட்டால், "இடுப்புக் கடுப்பு" என்பாள். இடுப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் எனக்குச் சொந்தமாகிப்போயிருந்தது. நான் உடனே என் இடுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பேன்.

மூன்றாவது வெயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படியில் தகரம் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது பாதிப் படியில் கோமதி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் படிப்படியாக வழிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. முகம் வெளுத்து, அடிவயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்ல. நீங்க இறங்காதிய, ஈரம், வழுக்கிரும்" என்றாள்.

எதிர்வீட்டு அம்மாளும் உமாவும்தான் அவளை மேலே கூட்டிவந்தார்கள். அவர்களிடம்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒரு வருடத்துக்குமேலாக அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமந்திருக்கிறாள். வீட்டில் ஒரு நோயாளி போதும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பெண்கள் பிரிவில் காட்டினோம். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்தால் அது தானாக இறங்கும், பிள்ளைப்பேறும் தொடர்ந்து கனம் தூக்குவதும் காரணம், கீழ்வழியாகவே அதை எடுத்துவிட்டுத் தளர்ந்த இடத்தைத் தைக்க வேண்டும் என்று லேடி டாக்டர் விளக்கினார். பிறகு கோமதியிடம், வீட்டில் தண்ணீர் யார் சுமக்கிறார்கள் என்று ஹிந்தியில் கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த ஹிந்தியில், நான்தான், இவருக்கு முதுகு சரியில்லை, தூக்கினால் லக்வா வந்துவிடும் என்று சொன்னாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டைக்குமேல் புடைத்துக்கொண்டிருந்த பெல்ட்டையும் பார்த்தார். நான் சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் தினத்தன்று நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். முதுகு வலித்தது. ஒருமுறைகூட எழுந்து நடக்கவில்லை, வலிக்கட்டும் என்று இருந்தேன். உள்ளேயிருந்து ஸ்ட்ரெச்சர் வந்தபோது அவள் கண் திறக்காமலே ஏதோ முனகினாள். கிட்டே போய்க் கேட்டேன். "உமா, அப்பாவைத் தூக்கவிடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்குத் தமிழ் தெரியாது. அதற்காக அன்று சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். முழு வாளி பிடித்தேன். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு படியிலும் கால் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏறினேன். முதுகு வலித்தது, தொடை நடுங்கியது. இருபத்தெட்டாவது படிக்கு வந்தபோதும் இரண்டு காலும் இருந்தன. உமா கதவைத் திறந்தவள் அலறாத குறையாக ஓடிவந்து வாளியைப் பிடித்தாள்.

"அப்பா, கீழ வைங்க. லக்வா ஆயிடும்பா."

"ஆகாதும்மா."

"டாக்டர் எழுதிருக்கார்."

"டாக்டர் எழுதலை. நான் எழுதினேன். கீழ்வீட்டுக்காக. அவர் கையெழுத்து மட்டும்தான் போட்டார்."

அவள் வாளியின் வளையத்தை விடாமல் நின்றாள். எனக்கு அவள் திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. திட்டவில்லை.

"நான்தானே அம்மாவுக்குப் படிச்சு சொன்னேன்" என்றாள். "லக்வான்னு நான்தானே சொன்னேன்."

என் பொய்யைப் பதின்மூன்று வயதுக் குழந்தை வாயால் சொல்லவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தேம்பி அழுதாள். உன் தப்பு இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நான் எப்படி ஆஸ்பத்திரிக்கு வருவேன்? அம்மா மூஞ்சியை எப்படிப் பாக்கறது?" என்றாள். அவள் அன்றைக்கு வரவில்லை. பரீட்சை என்று கோமதியிடம் சொல்லிவைத்தேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். தைரியம் வருவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் ஐந்து வாளி சுமந்தேன். முதுகு வலித்ததே தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டு வந்தது. பார்வையாளர் நேரம், மத்தியானம். கோமதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில் காலி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தையல் பிரிக்க வேண்டாம், தானாகக் கரையும், மாத்திரை இன்னின்ன வேளை, மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கக்கூடாது என்று வாசித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, சீட்டை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே மற்றதையும் சொன்னேன். எங்கே டைப் அடித்தேன், எதற்காக, டாக்டர் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனது, எல்லாம்.

முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது.

"அப்ப உங்களுக்கு லக்வா வராதா?"

"வராது."

"என்னைக்குமே?"

"வராது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நல்ல காலம்" என்றாள். "நீங்க குளிக்கப் போனா, வெளிய வார வரைக்கும் கதவுப் பக்கத்துலயே நிப்பேன். ரெண்டு வருசமா. சத்தம் கேக்கலைன்னா எனக்கு உசிரு இருக்காது."

இதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். வார்டு ஆயா ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கோமதி கண்ணைத் திறந்தாள். குரல் மாறியிருந்தது.

"எனக்குத் தூக்கக்கூடாதுன்னு எத்தனை நாள் போட்டிருக்காவ?"

"மூணு மாசம்."

"உங்களுக்கு எத்தனை நாள்னு எழுதினிய?"

நான் சீட்டை மடிக்கப் போனேன். அவள் விடவில்லை.

"சொல்லுங்க. அதுலயும் ஒரு கணக்குப் போட்டிருப்பியல்லா?"

"நிரந்தரம்னு எழுதினேன்."

"அப்படின்னா?"

"எப்பவும்னு."

அவள் என் கையிலிருந்த சீட்டை வாங்கினாள். தனக்குப் படிக்கத் தெரியாத அந்த இங்கிலீஷ் எழுத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"என் சீட்டையும் நீங்களே எழுதியிருக்கலாம்" என்று சொல்லி, அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.